தலையை எண்ணி உலை வையுங்கள்



சென்ற இதழில் பிள்ளைகளின் டிபன் டப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, "பிள்ளைகள் கதை சரி, ஆபீஸ் போகிற மனுஷருக்கு என்ன வழி? எங்க வீட்டுக்காரர் கேண்டீன் சாப்பாட்டில் பாதியைக் கொட்டிவிட்டுத்தான் வருகிறாராம்" என்று கேட்டு எழுதியிருக்கிறார். படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. அப்படிக் கொட்டப்படுகிற சோற்றை வடிக்கிறவர்களில் நானும் ஒருத்தி ஆயிற்றே!

நாங்கள் குடியிருப்பது மாட்டுத்தாவணியில். தாவணி என்றால் இங்கே பாவாடை தாவணி இல்லை, மாட்டுச் சந்தை. மாடு பிடித்துக் கட்டிய இடத்தில் 1999-லிருந்து பஸ் ஸ்டாண்டு. அதைச் சுற்றிப் பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ஆஸ்பத்திரிகள், ஆபீஸ்கள். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் ஆறு பேர் சேர்ந்து, இங்குள்ள ஓர் ஆபீஸுக்கு மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் போட்டுக் கொடுக்கிறோம். பட்டியலில் 140 பேர். மூன்று வருஷமாக நடக்கிறது. ஆறு வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுவது இந்த அடுப்பிலிருந்துதான்.

போன சித்திரையில் அந்த ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "அக்கா, தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கு. ஒவ்வொரு கிளையும் எவ்வளவு புகை விடுது, எப்படிக் குறைக்கப் போறீங்கன்னு கணக்குக் கேக்குறாங்க. கேண்டீனும் அதுல சேர்த்தி. வெளியூர் கேட்டரிங் ஒண்ணு பார்சலாக் கொண்டு வந்து தர்றேன்னு சொல்றாங்க. கேஸ் செலவே நமக்கு இல்லையாம்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோறு பொங்குவதற்கும் உலகம் சூடாவதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் கோபம் வந்தது. கம்பெனிகள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு என்று பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் விளக்கினான். பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகள் ஆயிரம், 2022-23 கணக்கு வருஷத்திலிருந்து தாங்கள் செலவழிக்கும் கரண்டு, எரிபொருள், குப்பை எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிவிட்டதாம். மேலே கேட்டால் கீழே கேட்கிறார்கள். அது போகட்டும். எங்களுக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தது.

அன்று ராத்திரி நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், வெற்றிலையை மடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏத்தா, நாளைக்கு எத்தனை பேரு சாப்பிட வருவாகன்னு தெரிஞ்சா உலை வைக்கிறீக?"

அத்தை சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கிய சில வருஷத்திலேயே சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரே பள்ளிக்கூடம். காலையில் வாத்தியார் ஆஜர் எடுத்து முடித்து எண்ணிக்கை வந்த பிறகுதான் அரிசியை அளப்பார்களாம். தலைக்கு 100 கிராம். "மழை பேஞ்சா முப்பது பிள்ளை வராது. அந்த அரிசி மூடையிலயே இருக்கும், நாளைக்கு ஆகும். சோறாக்கிட்டா என்னைக்கும் ஆகாது" என்றார். விறகடுப்பில் கண் எரிய எரிய நின்றவருக்கு ஒரு படி சோற்றின் விலை தெரியாமல் இருக்குமா?

நாங்களோ, குறைந்துவிடக் கூடாதே என்று தினமும் 150 பேருக்கு, 15 கிலோ அரிசி போட்டுக்கொண்டிருந்தோம். லீவு எடுப்பவர்கள், சைட்டுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள், வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருபவர்கள் எல்லாம் போக உண்மையில் உட்காருபவர்கள் 115, மிஞ்சிப் போனால் 120 பேர்.

மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தொங்கு தராசு வாங்கி வந்தோம். ஒரு வாரம் எதையும் மாற்றவில்லை. மிஞ்சியதை மட்டும் எடை போட்டு நோட்டில் எழுதினோம். திங்கள் 22 கிலோ, செவ்வாய் 17, புதன் கோழிக் குழம்பு என்பதால் 9, வியாழன் 19, வெள்ளி 26. ஆக மொத்தம் 93 கிலோ! அதில் 51 கிலோ அண்டாவிலேயே தங்கிய சோறும் சாம்பாரும். 42 கிலோ தட்டில் வைத்து ஒதுக்கியது. எங்கள் குழுவில் இளையவள், கைக்குழந்தைக்காரி, அந்த 93-ஐப் பார்த்துவிட்டு, "அக்கா, நாம ஒரு நாள் முழுக்க வாளிக்குத்தான் சமைச்சிருக்கோம்" என்றாள். யாரும் பதில் பேசவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். கொட்டிய சோறு மண்ணில் மக்கித்தானே போகும், அதில் என்ன கேடு என்று தோன்றும். வெறும் மண்ணில் காற்றுப் பட மக்கினால் பரவாயில்லை. மதுரைக் குப்பை அவனியாபுரத்தைத் தாண்டி வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகிறது. எந்த ஊர்க் குப்பை மேட்டிலும் அடியில் அமுங்கிய சோற்றுக்குக் காற்றுக் கிடைக்காது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு வரும். சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிகிறதே, அதே வாயுதான். அடுப்பில் எரிந்தால் உபகாரம், எரியாமல் வானத்துக்குப் போனால் உபத்திரவம். பூமியைச் சுற்றிக் கம்பளி போர்த்துகிற வேலையில் கரியமில வாயுவைவிட அது நூறு வருஷக் கணக்கில் சுமார் 28 மடங்கு, இருபது வருஷக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

சோறு வாளிக்கு வருவதற்கு முன்னால் வயலிலும் ஒரு கதை இருக்கிறது. தண்ணீர் தேங்கிய நெல் வயலும் மீத்தேன் விடும். அதனால்தான் விவசாய இலாகாக்காரர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' நீர் விடச் சொல்கிறார்கள். தண்ணீரும் மிச்சம், வாயுவும் குறைவு. பிறகு அரவை மில், லாரி, எங்கள் கேஸ் அடுப்பு. இத்தனையும் தாண்டி வந்த சோற்றைத்தான் சாக்கடை ஓரம் கவிழ்க்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் பிரிவு 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். ஹோட்டல், கேண்டீன் மாதிரி இடங்களில் நூற்றுக்கு 28 பங்கு. வீடுகளில் எவ்வளவு தெரியுமா? 60 பங்கு! ஆகவே மேலூர்ச் சகோதரி தன் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் தன் வீட்டு வாளியையும் எடை போட்டுப் பார்க்கட்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

காலை ஒன்பதரை மணிக்குள் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆபீஸ் பையன் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். அரிசி அதற்குப் பிறகுதான் அளவை ஏறும். முதல் வாரம் பெரிய ரகளை. சொல்லாமல் வந்து உட்கார்ந்தவர்கள் எட்டுப் பேர். அதற்காக ஐந்து பேர் அளவு கூடுதலாகவும், அவசரத்துக்கு இட்லி மாவும் வைத்துக்கொண்டோம். மாவு மிஞ்சினால் பிரிட்ஜில் இருக்கும், மறுநாள் தோசையாகும். இப்போது எல்லோரும் பழகிவிட்டார்கள்.

தட்டில் மிஞ்சுவது இதைவிடக் கஷ்டமான விஷயம். தட்டு நிறையக் குவித்துப் போட்டால்தான் மரியாதை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. கரண்டியைச் சின்னதாக்கினோம். கேட்டால் மறுபடி போடுகிறோம், முகம் சுளிக்காமல். அதோடு 'அரைச் சாப்பாடு' என்று ஒன்று வைத்தோம், விலையும் குறைவு. முதலில் வாங்கியது யார் என்கிறீர்கள்? சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள். இவர்களுக்கு இத்தனை நாளும் தேவையில்லாமல் மலைபோல் சோறு போட்டிருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாகற்காய்க் கூட்டு வைத்தால் முக்கால்வாசி வாளிக்குப் போகிறது என்று நோட்டு காட்டியது. அதைப் பாகற்காய்ப் பொரியலாக்கி, கூடவே கெட்டித் தயிர் வைத்தோம். காலியாகிறது.

அடுத்தது அடுப்பு. நீலநிறக் கமர்ஷியல் சிலிண்டரில் 19 கிலோ கேஸ். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கரியமில வாயு. அப்படியானால் சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ. எங்களுக்கு மாதம் ஆறு சிலிண்டர் ஆகிக்கொண்டிருந்தது. அரிசியை அரைமணி ஊற வைத்தோம். பருப்பை இரண்டு மணி ஊற வைத்து, திறந்த குண்டானில் கொதிக்க விடாமல் பெரிய குக்கருக்கு மாற்றினோம். அண்டாவுக்கெல்லாம் சரியான மூடி செய்து வாங்கினோம். மஞ்சளாக எரிந்த பர்னர்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணினோம். டீயை அடுப்பிலேயே சிம்மில் காய விடுகிற கெட்ட பழக்கம் இருந்தது. இப்போது ஒரே தடவை போட்டுப் பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிவிடுகிறோம். வாசனையும் கெடவில்லை.

ஆனால் உண்மையான மிச்சம் வந்தது தெர்மல் ரைஸ் குக்கரில். பழைய பாத்திரக் கடைகளில் கிடைக்கிறதே, சூடு வெளியே போகாத டிரம் மாதிரி, அதேதான். அரிசி பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நன்றாகக் கொதித்ததும் பாத்திரத்தோடு தூக்கி உள்ளே வைத்து மூடிவிட வேண்டியது. நெருப்பே இல்லாமல் மீதி வெந்துவிடும். முக்கால் மணி கழித்து எடுத்துக் கஞ்சியை வடித்தால் சோறு பூப்போல இருக்கும். அரிசிக்கு அரிசி நேரம் மாறும், இரண்டு நாள் பதம் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நல்ல கெட்டி அட்டைப் பெட்டியோ கூடையோ எடுத்து, அடியிலும் சுற்றிலும் நாலு விரல் கனத்துக்குப் பழைய சேலை அல்லது வைக்கோல் திணித்து, இறுக்கமான மூடி போட்ட பாத்திரத்தைக் கொதியோடு வைத்து, மேலேயும் ஒரு தலையணை. ஒரு எச்சரிக்கை. வெதுவெதுப்பாக ராத்திரி முழுக்க விட்டுவிடக் கூடாது. மதுரை வெயிலில் சோறும் பருப்பும் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும், வாந்தி பேதிக்கு வழி. வெந்ததும் எடுத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். பருப்பு, கொண்டைக்கடலை என்றால் முதலில் நன்றாகக் கொதிக்க விடுங்கள், எடுத்த பிறகும் இன்னொரு கொதி கொடுங்கள். கைக்குழந்தைக்குக் கஞ்சி இதில் வேண்டவே வேண்டாம், அவ்வப்போது புதிதாகக் காய்ச்சுங்கள்.

மேனேஜர் நடுவில் ஒரு யோசனை சொன்னார். "கேஸே வேண்டாம், எல்லாத்தையும் இண்டக்‌ஷன் அடுப்பா மாத்திருவோமா?" எனக்கும் ஆசைதான், சமையலறை வெக்கை குறையுமே. என் மகன் காகிதத்தில் கணக்குப் போட்டான். நம் நாட்டுக் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியில் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு. அந்தக் கணக்கில் பார்த்தால், இன்றைய நிலைமைக்கு அதே சோற்றை வடிக்கக் கேஸைவிட இண்டக்‌ஷனுக்குத்தான் புகை அதிகம். புகை நம் அடுக்களையில் இல்லாமல் அனல்மின் நிலையத்தில் போகும், அவ்வளவே. மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டால் கதை வேறு. எங்கள் சமையல் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மதுரையில் அந்த நேரத்து வெயிலுக்குக் கேட்பானேன்! அந்தத் தகடு ஆபீஸ்காரர்கள்தான் போட வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வெயிலைக் கொண்டே சமைக்கிற பெரிய அடுக்களை நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில், 1997-லிருந்து. கூரை மேல் 15 மீட்டர் அகலத்தில் பெரிய கிண்ணம். உள்ளே முழுவதும் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது. வெயில் குவிகிற இடத்துக்கு ஒரு குழாய் மட்டும் சூரியனோடு நகரும். அதில் உண்டாகிற நீராவி கீழே இறங்கி அண்டாக்களில் சோறும் காயும் வேக வைக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அளவுக்கு அமைத்தது. மேகம் மூடிய நாளில் டீசல் கொதிகலனும் துணைக்கு வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பசிக்கு மேகம் காரணம் சொல்ல முடியாதே.

டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிகிற 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படியும் மீட்டிங் என்றால் எங்கிருந்தோ காகிதக் கப்பு அடுக்கு வந்துவிடுகிறது. "காகிதம்தானேக்கா, மக்கிரும்" என்பார்கள். பூச்சு இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடாதா, யோசிக்க வேண்டாமா? 150 எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போட்டோம். ஓடுகிற குழாயில் கழுவாமல் மூன்று தொட்டியில் முக்கிக் கழுவுவதால் தண்ணீரும் அதிகம் ஆவதில்லை. பார்சல் கேட்பவர்கள் வீட்டுத் தூக்குவாளி கொண்டு வரலாம், இல்லாவிட்டால் மந்தாரை இலை.

கறி விஷயம் எழுதினால் மதுரைக்காரர்கள் என் மேல் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். ஆடு, மாடு அசை போடும்போது ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது. கோழிக்கும் முட்டைக்கும் அந்தப் பாரம் மிகவும் குறைவு, பருப்புக்கும் பயறுக்கும் இன்னும் குறைவு. மாட்டுத்தாவணி என்று பேர் வைத்த ஊரில் இருந்துகொண்டு மாட்டைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. டீக்குப் பாலும் வேண்டும். மாதம் இரண்டு தடவை போட்ட மட்டன் குழம்பை ஒரு தடவை ஆக்கி, அந்தக் காசில் வாரம் ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை குதிரைவாலிச் சோறு. நம் மதுரை, விருதுநகர் மானாவாரிக் காட்டில் விளைவது, தண்ணீர் தேக்க வேண்டியதில்லை. முதல் நாள் பதம் தவறிக் களியாகிவிட்டது, அன்றைக்கு வாளி 24 கிலோ. பிறகு தண்ணீரைக் குறைத்துச் சரி பண்ணினோம். காரக்குழம்போடு இப்போது விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஒரு சிலர் அன்று வெளியே பரோட்டாவுக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது வாரம் 31 கிலோ. மூன்றில் ஒரு பங்கு. தொடாத சோறு சூடாக இருக்கும்போதே காவல்காரர்கள், துப்புரவு அக்காமார் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். தட்டு மிச்சமும் கழனித்தண்ணியும் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கிற அண்ணன் எடுத்துப் போகிறார். காய்த்தோல் எல்லாம் சருகோடு தொட்டியில் மக்குகிறது. சிலிண்டர் நாலு, சில மாதம் நாலரை. கணக்குப்படி மாதத்துக்கு 85 கிலோவிலிருந்து 114 கிலோ வரை புகை மிச்சம், அடுப்பில் மட்டும். அரிசி மிச்சமான காசில்தான் அந்த முட்டை.

எல்லாவற்றையும் நோட்டோடு கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். பார்சல் சாப்பாடு வந்தால் தினமும் 140 டப்பா குப்பை, வண்டி டீசல் வேறு. அந்தக் கேஸும் எங்கேயோ எரிந்துதான் தீரும், உங்கள் கணக்கில் எழுதாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான் என்றேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இன்னும் ஆறு மாதத்துக்கு நாங்கள்தான். ஒரு வருஷம் கேட்டிருந்தோம், கிடைக்கவில்லை. இளையவள் அன்றைக்கே பிள்ளைக்குக் கால் கொலுசு எடுக்கக் கிளம்பிவிட்டாள், அவளைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது.

ஆபீஸில் இன்னொரு விஷயத்தைப் பற்றியும் பேச நினைத்தேன். 2020-லிருந்து புது ஏ.ஸி. மெஷின்களையெல்லாம் 24 டிகிரியில் வைத்தே விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் கரண்டு நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம் என்கிறார்கள். மேனேஜர் அறையில் 18. நான் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் எனக்குப் பல் கிட்டியது, அவர் சால்வை போர்த்தியிருந்தார். அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாதக் கணக்குக் கொண்டு போகும்போது கூடவே ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் எடுத்துப் போய், மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.